நாற்காலி டிக்கெட்டு

நீ கோவிச்சிக்காத தம்பி, முருகனை வேண்டிக்கிட்டுதான் உன் பொண்ணு பச்சையம்மாவை நாடகத்துக்கு இட்டுனு போனேன். மாப்பிள்ளை வூட்டுக்காரங்க அவளுக்குத் தெரியாம திருப்பத்தூரு நாடகக் கொட்டாயிலயே பொண்ணைப் பாத்துக்கிறோம்னு தரகர்கிட்ட சொல்லி அனுப்பினாங்க இல்ல, அதுக்குத்தான்.

புதூர்நாட்டு மலையிலருந்து ஜீப்புல போய் நாற்காலி டிக்கெட்டு வாங்கினோம். உள்ள போனா எங்களுக்கு நாற்காலியே இல்ல. கேட்டுல நின்னவனைக் கேட்டா, "மலையில பாறை மேலதானே குந்துவீங்க, இங்க மட்டும் இன்னா?"ன்றான். கம்பத்துக்குப் பின்னாடி மண்ணுல குந்த வச்சிட்டான். அந்த இருட்டுல நம்ம பொண்ணை யாரு பாத்திருப்பாங்க? பாக்கலன்னா வேணான்னுதானே சொல்லுவாங்க? எனக்குச் சோறே எறங்கல.

முன்னாடி நாற்காலியில ஒரு பெரியவரு வேற, பெரிய செவப்புத் தலைப்பா. சாமி வேஷம் வந்தப்ப கும்புடக்கூட முடியல. "யோவ், தலைப்பாவைக் கழட்டுய்யா, உன்னையா கும்புட வந்தோம்?"னு கத்திட்டேன். அவரு திரும்பி எங்க ரெண்டு பேரையும் பாத்தாரு. எழுந்து பச்சையம்மாவை நாற்காலியில குந்தச் சொல்லிட்டு, ஓரமா மண்ணுல குந்திக்கிட்டாரு.

தரகர் இன்னும் வரல. நீயும் அங்க சாமிய வேண்டிக்கோ.

உன் அக்கா

மாப்பிள்ளையோட அப்பா செவப்புத் தலைப்பா கட்டினு வருவாரு, அதை அடையாளமா வச்சிக்கோன்னு தரகர் சொன்னது இப்பதான் ஞாபகம் வருது.