பால் வடியும் வேம்பும் என் பட்டாவும்

அக்டோபர் 14, திங்கள்

காலையிலிருந்து மப்பு. துணி காயவில்லை. சிதம்பரம் ரோட்டு நிலத்துக்குப் போய் வந்தேன். ரோட்டோர வேப்பமரத்தில் வெள்ளையாகப் பால் வடிகிறது. தோட்டக்கலைத் துறையில் வேலை பார்க்கும் என் பழைய மாணவி கீதாவையும் கூட்டிப் போயிருந்தேன். அடிமரத்தைத் தட்டிப் பார்த்தாள். தொம், தொம். வேரடியில் காளான்.

“இது நோயி டீச்சர். உள்ள பூரா உளுத்துப்போச்சு. ரோட்டுப் பக்கம் சாஞ்சிருக்கு பாருங்க. நல்ல காத்து ஒண்ணு அடிச்சா போதும்.”

அந்தப் பாலைப் பார்த்துத்தான் ஊரார் மஞ்சள் புடவை சுற்றி, சூலம் நட்டு, பாலாத்தம்மன் என்று பேரும் வைத்துவிட்டார்கள். பஸ் நிற்பது அந்த மரத்தடியில். பள்ளிப் பிள்ளைகள் வேனுக்கு நிற்பதும் அங்கேதான்.

வாங்க வேண்டியது: ரவை, டார்ச் செல், மெழுகுவத்தி.

அக்டோபர் 15, செவ்வாய்

தூறல். ஆபீஸ் ஆபீஸாக அலைச்சல்.

சாலை ஆபீஸில்: “மரம் உங்க பட்டாவுலதான் வருது. உழுந்து யாருக்காவது ஏதாவது ஆச்சுன்னா நீங்கதான் பொறுப்பு.” சரி, வெட்டிவிடுகிறேன் என்றேன். “பர்மிஷன் இல்லாம வெட்டக் கூடாது. தாலுகா ஆபீஸுக்குப் போங்க.”

தாலுகாவில்: “சாமி மரம்னு சொல்றாங்களே மேடம். ஊர்ல ஆட்சேபணை இல்லன்னு எழுதி வாங்கிட்டு வாங்க.”

ஊரில் யார் எழுதித் தருவார்கள்? அதுவும் கழுத்தில் சிலுவை போட்டவளுக்கு. நான் கோடரியை எடுத்தால் மறுநாள் அது வேறு சண்டையாகிவிடும்.

ஷார்ஜாவிலிருந்து மகன் போன். “வித்துடும்மா.” அம்மன் குடியிருக்கும் நிலத்தை எவன் வாங்குவான்? அவன் அப்பா மேல்தான் கோபம் கோபமாக வந்தது. மனிதர் நிம்மதியாகக் கல்லறையில் படுத்துக்கொண்டார். நிலம் என் பேரில்.

அக்டோபர் 16, புதன்

மாவு புளித்துவிட்டது. தோசை.

ஊர்ப் பெரியவர் ஏழுமலையைப் பார்த்தேன். மோர் கொடுத்தார். மரியாதைக்குக் குறைவில்லை. வாசலில் ஊரே கூடிவிட்டது.

“வெட்டலாம், வெட்டக் கூடாதுன்னு சொல்ல நான் யாரு? ஆத்தாளத்தான் கேக்கணும். பூ கட்டிப் பாப்போம். செவப்பு வந்தா அவள கும்பத்துல எறக்கிக்கிறோம், மரத்த நீங்க வெட்டிக்குங்க. வெள்ள வந்தா அவ மரத்துலயே இருப்பா. சம்மதமா டீச்சர்?”

சம்மதம் என்றேன், அத்தனை பேர் முன்னால். பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கிறதே என்றது கணக்கு டீச்சர் மூளை. வேறு வழியும் தெரியவில்லை.

அக்டோபர் 18, வெள்ளி

வெயில் எட்டிப் பார்த்தது. மரத்தடியில் இரண்டு பொட்டலம். ஒன்றில் செவ்வரளி, ஒன்றில் முல்லை. ஒரு சின்னப் பெண்ணை எடுக்கச் சொன்னார்கள். சிவப்பு வரவேண்டும் என்று மனசுக்குள் அருள் நிறைந்த மரியே சொல்லிக்கொண்டு நின்றேன். இதைப் பங்குச் சாமியாரிடம் எப்படிச் சொல்வது?

வெள்ளை.

ஒரே குலவை. மரத்தடியில் இட்லிக் கடை போட்டிருக்கும் ராணி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “ஆத்தா போவ மாட்டேன்னுட்டா டீச்சர்!” எனக்கும் அழுகை வந்துவிட்டது. பக்தி என்று நினைத்துக்கொண்டாள்.

ரோட்டுப் பக்கக் கிளைகளையாவது கழிக்கலாமா என்று கேட்டேன்.

“ஆத்தா கையையா?” என்றார் ஏழுமலை. “நீங்களே சம்மதிச்சதுதான டீச்சர்.”

வெளியிலிருந்து யாரும் என்னைக் கட்டிப்போடவில்லை. நானே போய்க் கையை நீட்டினேன். முட்டாள்.

அக்டோபர் 20, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து வெளியே வரும்போது பீட்டரம்மா: “டீச்சருக்கு இப்பல்லாம் அம்மன் கோயில்தானாமே?” மீன் வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அக்டோபர் 21, திங்கள்

கடலில் ஏதோ உருவாகியிருக்கிறதாம், டிவியில். முதல் பஸ் பிடித்து மரத்தடிக்குப் போனேன். பிள்ளைகளை எதிர்ப்பக்கம் நிற்க வைக்க. தூறல் விழுந்ததும் எல்லாம் திரும்ப மரத்தடிக்கே ஓடி வந்துவிட்டன. தொண்டை கட்டிப்போச்சு.

ராணியிடம் கடையை நகர்த்தச் சொன்னேன். “இங்க வந்தப்புறந்தான் டீச்சர் யாவாரம் ஜாஸ்தி. ஆத்தா எம்மேலயா உழுவா?” சொல்லிக்கொண்டே என் நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டாள். தட்டிவிட மனசு வரவில்லை. பஸ்ஸில் முந்தானையால் துடைத்துக்கொண்டே வந்தேன்.

மரம் உளுத்துவிட்டது என்று கீதா எழுதித் தருகிறேன் என்றாள். அதை எடுத்துக்கொண்டு போனாலும் ஊர் சம்மதம் எங்கே என்பார்கள்.

மாத்திரை தீர்ந்துவிட்டது.

அக்டோபர் 22, செவ்வாய்

காற்று எழுந்துவிட்டது. மரத்தடிக்குப் போனால் மேளம். ஏழுமலை எனக்குச் சால்வை போர்த்தினார். ஊர் சார்பில் மரியாதையாம். ஒரு தகர போர்டைக் கொண்டுவந்து மரத்தில் வைத்து ஆணி அடித்தார்கள். அடிக்க அடிக்கப் பால் வழிந்தது. ஆணி மரத்துக்குள் மண்ணில் இறங்குவதுபோல இறங்கியது. யாரும் கவனிக்கவில்லை, என்னைத் தவிர.

‘அருள்மிகு பாலாத்தம்மன். இட உபயம்: ஸ்டெல்லா டீச்சர், கடலூர்.’

இன்றும் நான் எதிர்ப்பக்கம் நிறுத்தி வைத்திருந்த பிள்ளைகள் போர்டைப் படிக்க ரோட்டைத் தாண்டி ஓடி வந்தார்கள். எழுத்துக் கூட்டி என் பெயரைப் படித்தார்கள். மேலே கிளை ஆடுகிறது.

“டீச்சர், இது உங்க மரமா?”

ஆமாம் என்றேன். தள்ளிப் போங்கடா என்றும் கத்தினேன். மேளச் சத்தத்தில் இரண்டும் கேட்டிருக்காது.