மண்டலின் கங்கையும் நஸ்கரின் கங்கையும்

வியாழன் இரவு, பாலிகஞ்ச்.

கங்கை இன்னும் மண்டல் வீட்டுக் குளத்தில்தான் இருக்கிறது. தகவல் தந்தவர் மண்டல்.

செய்திக்காக நகரத்துக்குத் தெற்கே போயிருந்தேன். கங்கை ஒரு காலத்தில் வளைந்து ஓடிய ஊர். நதி வேறு பக்கம் போய்விட்டது. கடைத்தெரு மட்டும் அந்த வளைவிலேயே வளைந்து கிடக்கிறது. பழைய தடத்தில் தங்கிவிட்ட குளங்களை, வீட்டுக்காரர் பெயர் சேர்த்துக் கங்கை என்றே அழைக்கிறார்கள்.

சனிக்கிழமை சால்ட் லேக்கில் மகளின் புது ஃபிளாட்டுக்குக் கிரகப்பிரவேசம். மனைவி மைதிலி கங்கை ஜலம் கேட்டிருந்தாள். மண்டல் கங்கையில் பாட்டிலை நிரப்பினேன்.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து நஸ்கர் அண்ணன் முறை வைத்துக் கத்தினார்: "தாதா, அது கரையோரம்! மாடு குளிப்பாட்டின இடம். நடு ஆறு ஓடினது என் குளத்துல."

"உன் குளம் போன வருஷம் பொக்லைன் வெட்டினது" என்றார் மண்டல்.

சண்டையைத் தவிர்க்க நஸ்கர் கங்கையில் இரண்டாவது பாட்டிலையும் நிரப்பினேன்.

மைதிலி பெயர் ஒட்டாத இரண்டு பாட்டிலையும் விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். ஒன்றில் தலைப்பிரட்டை.

"ஏன்னா, பாபுகாட் படித்துறைல இறங்கி மொண்டு வர சோம்பலா? கங்கை அந்த ஊரை விட்டே போயிடுத்துன்னு நீங்கதானே எழுதியிருக்கேள்?"

கிரகப்பிரவேசம் நடத்தி வைக்கும் வாத்தியாருக்குப் போன் செய்தேன். "நதி நகர்ந்தா புண்ணியமும் கூடவே நகருமான்னு பாத்துச் சொல்றேன்" என்றார்.

அவர் முடிவு நாளைக் காலை வரும். அதுவரை தலைப்பிரட்டையை டம்ளரில் விட்டிருக்கிறேன். அது எந்தக் கங்கையிலிருந்து வந்தது என்று இரு தரப்பும் உறுதி செய்யவில்லை.