கட்டுப் பிரித்ததும் கஸ்தூரி சொன்னது

ஆகஸ்ட் 6, புதன்

காலையிலிருந்தே புழுக்கம். கடல் பக்கம் மேகம், மழை இல்லை. வாங்க வேண்டியது: பால், கொசுவர்த்தி, அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை.

கண் சிகிச்சைத் திட்டத்தின் விளம்பரப் படம் கைக்கு வந்தது. பிரான்சில் ஒரு தொண்டு அமைப்பு பணம் தருகிறது. இங்கேயும் ஆப்பிரிக்காவில் சில நாடுகளிலும் ஏழைகளுக்குக் கண்புரை ஆபரேஷன். தமிழில் பேசுவதற்கு அடியில் பிரெஞ்சு வரி போடுவது என் வேலை. படத்தைப் பார்த்துத்தான் அங்கே மேற்கொண்டு நன்கொடை வருமாம்.

படத்தில் வருகிறவர் கஸ்தூரி, ஊர் சேதராப்பட்டு. ஐம்பது வயது இருக்கும். கம்பெனியில் பேக்கிங் வேலை. பார்வை மங்கியதும் வேலை போய்விட்டது. மகள் செல்வி அதே கம்பெனியில், ஒரே நாளில் இரண்டு ஷிப்ட்.

முதல் படத்துண்டில் டாக்டர் கண் கட்டைப் பிரிக்கிறார். விரல்களைக் காட்டுகிறார். கஸ்தூரி சரியாகச் சொல்கிறார். பிறகு எதிரே நிற்கும் மகளைப் பார்க்கிறார். வெகுநேரம்.

"ஏண்டி இப்டி எளச்சிட்ட? சாப்புடறேன் சாப்புடறேன்னு சொன்னதெல்லாம் பொய்யா?"

செல்வி துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அடுத்த துண்டு. அதே நாற்காலி, அதே ஆள். வெளிச்சம் வந்துவிட்டது, எல்லாருக்கும் நன்றி என்கிறார். பாடம் ஒப்பிப்பது போல.

வேலை ஓடவில்லை. எழுந்து துணி மடித்தேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

பிரகாஷுக்கு ஃபோன். திட்ட அலுவலகத்தில் விளம்பரம் அவர் பொறுப்பு. இரண்டாவதைப் போட்டால் போதுமாம். முதலாவதில் பார்வை வந்த சந்தோஷமே தெரியவில்லையாம். அதுதானே நிஜம் என்றேன். கொஞ்சம் கோபமாகத்தான். கஸ்தூரியையே கேட்பது என்று முடிவு.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பிரகாஷ் வண்டியில் சேதராப்பட்டு. வழியெல்லாம் லாரி, புழுதி. செல்வி வேலைக்குப் போயிருந்தாள்.

இரண்டு துண்டுகளையும் ஃபோனில் காட்டினோம். முதலாவது ஓடும்போது கஸ்தூரி உதட்டைக் கடித்துக்கொண்டார். எதைப் போடலாம் என்று கேட்டேன்.

"நன்றி சொன்னதையே போடுங்கம்மா. இன்னொரு கண்ணு பாக்கி இருக்கு இல்ல."

படத்துக்கும் ஆபரேஷனுக்கும் சம்பந்தமே கிடையாது, என்ன சொன்னாலும் அடுத்த கண்ணுக்குச் செய்வார்கள் என்று விளக்கினேன். தலையாட்டினார். நம்பவில்லை.

திரும்பும்போது பிரகாஷ் என் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுச் சொன்னார், அந்த அம்மாவை இன்னொரு தடவை பேசச் சொன்னது தான்தான் என்று. என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுத்ததும் அவரேதானாம்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஒருவழியாக மழை. மாடியில் துணி நனைந்தது.

பிரகாஷ் சொல்லச் சொல்ல, அமைப்புக்குப் பிரெஞ்சில் மெயில் எழுதினேன். இரண்டாவது கண் ஆபரேஷன் முடியும்வரை படம் வராது, அப்புறம் கஸ்தூரியைத் திரும்பக் கேட்போம் என்று. காரணத்தை மறைக்கவில்லை. சாயந்திரமே பதில். மாதக் கடைசிக் கூட்டத்துக்குப் படம் வேண்டும், மிகவும் ஏமாற்றம். பிரகாஷுக்கு அலுவலகத்தில் நல்ல திட்டு. வேலைக்கு ஆபத்தா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

செப்டம்பர் 18, வியாழன்

வெயில். கேஸ் புக் பண்ண மறந்தேன்.

நேற்று கஸ்தூரிக்கு இரண்டாவது கண். இன்று கட்டுப் பிரித்தார்கள். பிரகாஷ் கேமரா கொண்டுவரவில்லை, வேண்டுமென்றே. (வேலை போகவில்லை. கூட்டம் படம் இல்லாமலே நடந்ததாம்.)

வராந்தாவில் உட்கார்ந்த பிறகு, எதைப் போடலாம் என்று திரும்பக் கேட்டேன். இனி எங்களால் அவருக்கு ஆக வேண்டியது எதுவும் இல்லை. படமே வேண்டாம் என்றாலும் சரி என்றேன். யோசித்தார்.

"மொதல்ல சொன்னதப் போடுங்க. எம்பொண்ணு சரின்னா."

செல்வி சொட்டு மருந்து வாங்கிக்கொண்டு வந்தாள். முகம் தேறியிருக்கிறது. இப்போது ஒரு ஷிப்ட்தான். அம்மா பிடிவாதம். விஷயத்தைச் சொன்னோம். சொட்டு மருந்தை அம்மா கையில் கொடுத்தாள்.

"போடுங்க. ஆனா இப்ப சாப்புடறேன்னு அடியில எழுதிடுங்க."