தாடையில் ஒரு சாபம்

சிட்னி
மார்ச் 3, 2019

அன்புள்ள அக்கா வைமோவானாவுக்கு,

நான் நலம். நீயும் நலமாயிருக்க வேண்டும் என்று எழுதிவிட்டு, இனி திட்டப் போகிறேன். ஃபோனில் பேசினால் நீ அழுகிறாய், நான் கத்துகிறேன். கடிதம் என்றால் அந்தத் தொல்லை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து நின்று என் முகப்பருவுக்காக ஜெபிக்கச் சொன்னாயாமே? செய்தி நம் பங்காய் ஊர் முழுக்கச் சுற்றி, ஆக்லாந்துக்குக் கடல் தாண்டி, கடைசியில் எனக்கே வந்து சேர்ந்துவிட்டது. முப்பத்தைந்து வயதுக்காரியின் தாடையில் வரும் பரு என்ன புயலா, ஊர் கூடிக் கடவுளிடம் முறையிட?

இங்கே நான் படுவது போதாதா? முதியோர் இல்லத்தில் சாப்பாட்டுத் தட்டு கொடுக்கிறேன். போன வாரம் ஒரு கிழவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உனக்கு அம்மையா? வேற யாரையாச்சும் தட்டைத் தூக்கிட்டு வரச் சொல்லு" என்றார். சமையலறைக்குள் போய் அழுதேன். கூட வேலை செய்யும் சின்னப் பெண்கள், வயசுப் பிள்ளைகளுக்கு வருவது உனக்கு ஏன் வருகிறது என்று கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்தால்தானே சொல்வதற்கு?

நீ அனுப்பிய வாசனைத் தேங்காயெண்ணெயை இரண்டு மாதம் முகம் முழுக்கத் தேய்த்தேன். ஒன்றுக்கு நாலாக வந்ததுதான் மிச்சம். அடுத்த கப்பலில் எண்ணெய் அனுப்பாதே.

உன் தங்கை,
லெசியெலி

பங்காய், ஹாபாய் தீவுகள்
மார்ச் 27, 2019

என் செல்லத் தங்கைக்கு,

உனக்குச் சின்ன வயசிலிருந்தே மூக்குக்கு மேலே கோபம். ஜெபம் கேட்டது குற்றமா? வேறு யாருக்காக நான் கேட்பேன்? எனக்குப் பிள்ளையா குட்டியா?

எண்ணெய்மேல் பழி போடாதே. நீ மறந்திருப்பாய், எனக்கும் இதே இடத்தில் வந்தது. பத்தொன்பது வயதில் ஆரம்பித்தது. தாடை ஓரம் முழுக்க, தொட்டால் உயிர் போகிற மாதிரி வலி. பிறகு மோவாயில் முடி. அப்பா என்னை அவருடைய அக்கா ஹிங்கானோ அத்தையிடம் கூட்டிப் போனார். அப்பாவைப் பெற்றவர்களுக்கு அடுத்தபடி அவள் வாக்குத்தானே நம் வீட்டில் எடுபடும். அத்தை என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, "இவ அப்பன் தின்னு வெச்ச எச்சிலைத் தின்னிருக்கா" என்றாள். உண்மை. எட்டு வயதில் பசி தாங்காமல் அப்பாவின் தட்டில் கிடந்த மீன் தலையைத் தின்றிருக்கிறேன். தகப்பன் எச்சிலைப் பிள்ளை தின்பது நம் ஊரில் விலக்கு, தின்றால் சாபம் பிடிக்கும் என்று தெரியாத வயது.

அன்றிலிருந்து ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அத்தை காலடியில் மண்டியிடுகிறேன். அவள் தாடையைத் தடவி மன்னிப்பாள். நாற்பது தாண்டியதும் பரு குறைந்ததே, எதனால்? பிள்ளை மட்டும் கிடைக்கவில்லை. என்னைக் கட்டின சியோசிஃபாவும் வேறொருத்தியிடம் போய்விட்டான். அதற்கும் என் பாவம்தான் காரணம் என்று ஊரே சொன்னது, நானும் ஒத்துக்கொண்டேன்.

நீயும் அப்பா தட்டில் கை வைத்தாயா? மறைக்காமல் எழுது. அத்தைக்கு எண்பது ஆகிறது. அவள் இருக்கும்போதே தீர்த்துவிட வேண்டும்.

அக்கா

சிட்னி
ஏப்ரல் 14, 2019

அக்கா,

நான் யார் தட்டிலும் கை வைக்கவில்லை. அப்பா சாப்பிட்டால் தட்டில் மிச்சம் எங்கே இருக்கும்?

டாக்டரிடம் போனேன். ஒழுங்காக முகம் கழுவு, வறுத்ததைத் தின்னாதே என்று சொல்லி அனுப்பிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் முகத்தை அரை நிமிடம் பார்த்தாள், பிறகு மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்று கேட்டாள். ரத்தம் எடுத்தார்கள், வயிற்றை ஸ்கேன் செய்தார்கள். ஆண்களுக்கு நிறைய இருக்கிற ஒரு ஹார்மோன் பெண்களுக்கும் கொஞ்சம் உண்டாம். எனக்கு அது கூடுதலாகச் சுரக்கிறது. அதனால் தோலுக்கடியில் எண்ணெய் அதிகமாகி, துளை அடைத்து, உள்ளே சீழ் கட்டுகிறது. அதனால்தான் தாடையில், அதுவும் மாதவிலக்குக்கு முந்தின வாரம். மேலே பூசிய தேங்காயெண்ணெயும், வேலையில் கட்டுகிற முகக்கவசமும் அதைக் கிளறிவிட்டிருக்கின்றன.

ராத்திரி பூச ஒரு களிம்பு, தினம் ஒரு மாத்திரை. பலன் தெரிய மூன்று மாதமாகும், அதுவரை பொறு என்றாள். முதல் தடவையாக ஒருத்தி என்னைத் திட்டாமல், என்மேல் குற்றம் சுமத்தாமல் பேசினாள் அக்கா.

எனக்காக அத்தையிடம் போகாதே. இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன்.

லெசியெலி

பங்காய்
மே 9, 2019

லெசியெலிக்கு,

உன் கடிதம் வருவதற்கு முன்பே போய்விட்டு வந்துவிட்டேன். வெறுங்கையோடு போக முடியுமா? உன் கல்யாணத்துக்கென்று அம்மா ஏழு மாதம் தட்டித் தட்டிச் செய்த மரப்பட்டைத் துணியை எடுத்துப் போய் அத்தை முன்னால் விரித்தேன். உன் சார்பில் நானே மண்டியிட்டேன். அத்தைக்கு மனம் குளிர்ந்துவிட்டது. "போ, மூணு மாசத்துல முகம் தெளிஞ்சிடும்" என்றாள். பார், உன் டாக்டரும் மூன்று மாதம்தான் சொல்கிறாள்.

துணிக்காக வருத்தப்படாதே. முகம் நன்றாக இருந்தால்தானே கல்யாணம்.

அக்கா

சிட்னி
மே 30, 2019

வைமோவானாவுக்கு,

அக்கா என்று எழுதக் கை வரவில்லை.

அம்மா அந்தத் துணியைத் தட்டும்போது அவள் கையில் கொப்புளம் வந்து உடைந்ததை நீயும்தானே பார்த்தாய்? செத்துப்போகும்போது அதை என்னிடம் கொடுக்கச் சொல்லி உன்னிடம் ஒப்படைத்தாள். அவள் எனக்காக விட்டுப்போனது அது ஒன்றுதான். அதைத் தூக்கி அந்தக் கிழவியின் காலில் போட உனக்கு யார் உரிமை கொடுத்தது? என் முகம் உனக்கு அவ்வளவு அவமானமா?

போன கடிதத்தில் ஒன்றை எழுதாமல் விட்டேன், உன் மனம் நோகுமே என்று. இனி எனக்கென்ன. வீட்டில் வேறு யாருக்காவது இப்படி உண்டா என்று டாக்டர் கேட்டாள். உன்னைப் பற்றிச் சொன்னேன். பரு, மோவாய் முடி, பிள்ளை இல்லாதது, எல்லாம். அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு, "உங்க அக்காவை இத்தனை வருஷத்துல ஒரு டாக்டர் கூடவா பாக்கல?" என்று கேட்டாள். குடும்பத்தில் வருகிற வியாதியாம் இது. உனக்கும் இதுவாகத்தான் இருக்கும், ஆனால் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றாள். மீன் தலையால் வந்த சாபத்துக்கு ஆஸ்பத்திரியில் ஒரு பெயர் இருக்கிறது. போய்க் கேட்டுக்கொள்.

இனி எனக்கு எழுதாதே.

லெசியெலி

பங்காய்
ஜூலை 22, 2019

லெசியெலி,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன்.

உன் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். ஒரு வாரம் அடுப்பு மூட்டவில்லை. பிறகு, தலைநகரிலிருந்து டாக்டரம்மா கப்பலில் வந்திருக்கிறாள் என்றார்கள். உன் வாயை அடைக்கவாவது ஒரு பதில் வேண்டும் என்றுதான் போனேன். அவள் கேட்டதும் அதே கேள்விகள். ரத்தம் எடுத்து அனுப்பினாள். அடுத்த கப்பலில் முடிவு வந்தது, உனக்கு இருப்பதேதான் எனக்கும். அதை எனக்கு விளக்கிச் சொல்ல அவளுக்குப் பத்து நிமிடம் கூட ஆகவில்லை. இருபத்தைந்து வயதில் வந்திருந்தால் பிள்ளைக்கு வைத்தியம் பார்த்திருக்கலாமா என்று கேட்டேன். பார்த்திருக்கலாம், பலருக்குப் பலித்திருக்கிறது என்றாள். எனக்கு நாற்பத்தாறு.

அங்கிருந்து நேராக அத்தை வீட்டுக்குப் போனேன். முதலில் துணியைக் கேட்டேன். ஜூன் மாதம் ஒரு சாவு வீட்டுக்குச் சீராகக் கொண்டுபோனாளாம். அங்கே வெட்டிப் பங்கு போட்டுவிட்டார்கள். பிறகு மீன் தலையைப் பற்றிக் கேட்டேன். என் தாடையைப் பார்த்து உனக்கு எப்படித் தெரிந்தது அத்தை என்றேன். அத்தை சொன்னாள்:

"எனக்கு என்னடி தெரியும்? எச்சில் திங்காத பிள்ளை எந்த வீட்டுல இருக்கு? உங்கப்பன் வந்து வாசல்ல உட்கார்ந்துக்கிட்டான். தெரியாதுன்னு நான் சொல்ல முடியுமா?"

இருபத்தேழு வருடம், லெசியெலி. இருபத்தேழு கிறிஸ்துமஸ் நான் முழங்காலில் நடந்து போனேன். சியோசிஃபா மூட்டை கட்டியபோது, போ, என் பாவம் உனக்கு ஒட்ட வேண்டாம் என்று நானே அவன் சட்டைகளை மடித்துக் கொடுத்தேன். நினைக்க நினைக்கக் கோபம் வருகிறது. அத்தைமேலா, செத்துப்போன அப்பாமேலா, கேட்காமலே நம்பிய என்மேலா, யார்மேல் என்று தெரியவில்லை. எல்லார்மேலும்தான்.

நான் கத்தவில்லை. எழுந்து நின்றேன். அத்தை பாயில் உட்கார்ந்திருக்க, அவள் தலைக்கு மேலே என் தலை. நம் வீட்டில் யாரும் செய்யாத காரியம். "உட்காருடி" என்றாள். நான் உட்காரவில்லை. நின்றபடியே விடைபெற்று வந்தேன்.

அம்மாவின் துணியைக் கொண்டுபோய்த் தொலைத்தது நான். அதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். மண்டியிட்டுக் கேட்கவில்லை. இனி யாரிடமும் அப்படிக் கேட்கமாட்டேன். நீ மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை, ஆனால் பதில் எழுது. திட்டியாவது எழுது.

வைமோவானா