வலது பக்கம் கால் சுற்று

மார்ச் 24, திங்கள்

அந்த பிக்கப் இன்று கடைக்கு வந்தது. டிராக்டரில் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். முன் சக்கரம் இரண்டும் ஆளுக்கொரு திசை பார்த்துக்கொண்டிருந்தன. வில்லியனூரில் இத்தனை ஒர்க்‌ஷாப் இருக்க, நான் வேலை பார்க்கிற கடைக்குத்தான் வர வேண்டுமா? வரும். சுப்பராயலுவின் நாலு வண்டியும் இங்கேதான் வருகின்றன. செல்லப்பன் அண்ணன் கடை ஓடுவதே அதில்தான்.

"முன்பக்கம் மொத்தமும் பிரிச்சி மாட்டணும். சித்திரை ஒண்ணாந்தேதி பூஜை போட்டு எடுக்கணுமாம்" என்றார் அண்ணன். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "உங்கப்பா வண்டிதான, நீயே செய்" என்றார்.

அப்பா வண்டி. பத்தொன்பது வருஷம் ஓட்டினால் அப்பா வண்டி ஆகிவிடுமா? ஆர்.சி.யில் சுப்பராயலு பேர். இடித்தால் மட்டும் அப்பா பேர்.

மார்ச் 25

நடந்ததை ஒரு முறை ஒழுங்காக எழுதிவிடுகிறேன். இல்லையென்றால் ஊர் சொல்வதே எனக்கும் நடந்ததாகிவிடும்.

12ஆம் தேதி காலை, பாகூர் ஏரிக்கரை ரோடு. வண்டியில் உர மூட்டை. களையெடுக்கப் போய்க்கொண்டிருந்த தையலம்மாள் அத்தை ரோட்டோரம் நடந்திருக்கிறார். வண்டி சட்டென்று இடது பக்கம் பாய்ந்து அவரை இடித்துவிட்டு, சரிவில் இறங்கி நின்றது. முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிவு. அத்தை எங்கள் தெரு. அம்மாவோடு ஒரே வயலில் குனிந்தவர்.

ஒரு மணி நேரத்தில் ஊர் முடிவு செய்துவிட்டது: அந்தோணிசாமி குடித்திருந்தான். யாரும் மோந்து பார்க்கவில்லை. எங்கள் தெரு ஆளை மோந்து வேறு பார்க்க வேண்டுமா?

சரி, நான் மட்டும் யோக்கியமா? ஆஸ்பத்திரி வாசலில் நானே கேட்டேன், "குடிச்சியா?" என்று. "தவக்காலம்டா" என்றார் அப்பா. சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் வரை தொடமாட்டேன் என்று வருஷா வருஷம் சொல்வார். போன வருஷம் பதினோராம் நாள் தொட்டார். அதனால் சிரித்தேன். அந்த இடத்தில், ஸ்ட்ரெச்சர் போகிற இடத்தில், சிரித்தேன்.

ஆஸ்பத்திரிச் செலவைச் சுப்பராயலு ஏற்றுக்கொண்டார். பதிலுக்கு ஒரு காகிதம் தயார் செய்திருக்கிறார். "நான் மது அருந்திவிட்டு வண்டி ஓட்டி, என் தவறால் விபத்து ஏற்படுத்தினேன். வாகன உரிமையாளருக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை." குருத்து ஞாயிறன்று மத்தியானம், அவர் உரக் கிடங்கில், எங்கள் தெரு ஆட்கள் முன்னால் அப்பா கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் வேலை. போடாவிட்டால் போலீஸ்.

அப்பா போடுவார். எனக்குத் தெரியும்.

மார்ச் 27

முன்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கினேன். இடது சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினேன். டக் டக்கென்று ஆடியது. சக்கரம் எந்த ஆணியைச் சுற்றித் திரும்புமோ அந்த கிங்பின் தேய்ந்து நூலாகிவிட்டது. அந்த ஆணியைச் சுற்றிப் பிடிக்கிற புஷ் என்று ஒன்று இருந்த இடத்தில் துருப்பொடி. கிரீஸ் அடிக்கிற நிப்பிள் நாலும் அடைத்துக் கிடந்தன. ஒன்றின் மேல் பெயிண்ட். பூஜைக்குப் பெயிண்ட் அடித்திருக்கிறான், கிரீஸ் அடிக்கவில்லை.

அப்புறம் டை ராடு. இரண்டு முன் சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கிற கம்பி. அதன் நுனியில் ஒரு இரும்புப் பந்து, கிண்ணத்துக்குள் இறுக்கமாக உருள வேண்டும். இடது நுனியில் சைக்கிள் டியூப்பை வெட்டி, பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்றி, மேலே கட்டுக்கம்பி முறுக்கியிருந்தது. ரோட்டுப் பள்ளத்தில் பாதி அறுந்திருந்தது. மீதியை அவிழ்த்தேன். பந்து தானாகக் கையில் விழுந்தது.

அந்த முறுக்கு யார் போட்டது என்று எனக்குத் தெரியும். எங்கள் வூட்டுத் தண்ணிக் குழாயிலும் அதே முறுக்குதான்.

மார்ச் 28

காலையில் கேட்டேன். "டியூப் எப்ப சுத்துன?"

அப்பா முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். "பொங்கலுக்குப் பின்னாடி."

"சொன்னியா அவருகிட்ட?"

"தீபாவளிக்கு முன்னாடி சொன்னேன். பொங்கலுக்குச் சொன்னேன். கரும்பு முடியட்டும்னாரு."

"அதுவரைக்கும் எப்படி ஓட்டுன?"

ரேசரைக் கீழே வைத்துவிட்டு, இல்லாத ஸ்டீயரிங்கைப் பிடித்துக் காட்டினார். "இடது பக்கம் இழுக்கும்டா. வலது பக்கம் கால் சுத்து புடிச்சிக்கினே வந்தா நேரா போவும். அன்னிக்குப் பள்ளத்துல எறங்குச்சு. ஸ்டீயரிங் என் கையில இருந்துச்சு, சக்கரம் அதும்பாட்டுக்குப் போயிடுச்சு."

"இத ஏன் யாருகிட்டயும் சொல்லல?"

"உன்கிட்ட சொன்னேனே. நீ சிரிச்ச."

அவ்வளவுதான். நான் டீ குடிக்காமல் கிளம்பிவிட்டேன்.

மார்ச் 30, ஞாயிறு

பத்தொன்பது வருஷத்தில் சுப்பராயலு ஒரு முறைகூட அந்த கேபினில் ஏறியதில்லை. அவருக்குக் கார் உண்டு. கணக்குப்பிள்ளையும் ஏறமாட்டான், பின்னாலேயே பைக்கில் வருவான். எங்கள் ஆள் பக்கத்தில் தொடை இடிக்க உட்கார வேண்டுமே. ஒரே ஒரு நாள் உட்கார்ந்திருந்தால் போதும், வண்டி எந்தப் பக்கம் இழுக்கிறதென்று தெரிந்திருக்கும்.

தீண்டாமைக்கு விலை, முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பு.

ஏப்ரல் 2

கிங்பின் புதுசு. லேத்தில் புஷ் ஏற்றி, ரீமரால் துளையை அளவாகக் கடைந்து வந்தது. ஆணியைக் கட்டைவிரலால் அழுத்தினால் எண்ணெயோடு மெல்ல இறங்க வேண்டும், இறங்கியது. நல்ல வேலை. நல்ல வேலை செய்கிறேன் என்பதே எரிச்சலாக இருக்கிறது. யாருக்காக?

ஏப்ரல் 4

வண்டிப் பாரத்தைத் தாங்குகிற வில் பட்டைகளைக் கழற்றி, அவை தொங்குகிற ஷேக்கிளில் புஷ் மாற்றினேன். இடது பக்கப் பட்டையில் ஒன்று ஒடிந்தே இருந்தது. கழற்றிய பழைய சாமானையெல்லாம் உரச் சாக்கில் போட்டு வைத்தேன். அது கடை வழக்கம். பழசைப் பார்ட்டியிடம் காட்டித்தான் வண்டியைக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் மாற்றாமலே மாற்றினதாகச் சொல்கிறான் என்பார்கள்.

சுப்பராயலுவுக்கு அண்ணன் போன் போட்டார். "காட்டவும் வேணாம் ஒண்ணும் வேணாம். காயலாங்கடைக்குப் போட்டுடு" என்று பதில். இதே ஆள் போன வருஷம் ஒரு ஃபேன் பெல்ட்டுக்குப் பழசைக் கேட்டு வாங்கிப் போனவர்.

"போட்டுட்றா" என்றார் அண்ணன்.

சாக்கை கம்ப்ரஸர் பின்னால் தள்ளி வைத்தேன்.

ஏப்ரல் 7

வேலை இல்லாமல் அப்பா வூட்டில் இருக்கிறார். நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார். அம்மா யாரோடும் பேசுவதில்லை.

ஏப்ரல் 10, வியாழன்

டை ராடு, ஸ்டீயரிங் பாக்ஸ் எல்லாம் முடிந்தது. நூல் கட்டி அலைன்மென்ட் பார்த்தேன். ரோட்டில் ஓட்டிப் பார்க்க வேண்டும். செல்லப்பன் அண்ணன் என்ன நினைத்தாரோ, "உங்கப்பாவக் கூப்புடு. அந்த வண்டியப் பத்தி அவருக்குத் தெரிஞ்ச மாதிரி யாருக்குத் தெரியும்" என்றார்.

அப்பா வந்தார். சீட்டைத் துடைத்துவிட்டு ஏறினார். நான் பக்கத்தில். கிளம்பியதும் வண்டி நடு ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் ஓடியது. எதிரே வந்த டவுன் பஸ்காரன் வண்டியை ஒடித்துத் திட்டிக்கொண்டே போனான்.

"இன்னாடா செஞ்சி வெச்சிருக்க? வலது பக்கம் இழுக்குது!"

"வண்டி இழுக்கலப்பா. நீதான் இழுக்கற. கையப் பாரு."

பார்த்தார். ஸ்டீயரிங் வலது பக்கம் கால் சுற்றில் நின்றது.

"நேரா புடி."

"நேரா புடிச்சா இடது பக்கம் போயிடும்டா."

"போவாது. சரி பண்ணிட்டேன்."

நேராக்கினார். பத்தடி. மறுபடியும் கை தானாக வலது பக்கம் போனது. மறுபடியும் நேராக்கினார். திரும்பி வரும்போது பஸ் ஸ்டாண்ட் பக்கம் நிறுத்திவிட்டு, "நீ ஓட்டு" என்று இறங்கிக்கொண்டார்.

ஏப்ரல் 12, சனி

வேலை முடிந்து கிளம்பும்போது சாக்கைத் தூக்கி பைக்கில் கட்டினேன். அண்ணன் பார்த்தார்.

"நாளைக்குக் கிடங்குக்கா?"

கயிற்றை இன்னொரு சுற்று இறுக்கினேன்.

"நாலு வண்டிடா." கையைத் துணியில் துடைத்தார். "நான் பாக்கல" என்று உள்ளே போய்விட்டார்.

நான் காட்டுவேன். எல்லாருக்கும் முன்னால் காட்டுவேன். இரும்பு பொய் சொல்லாது.

ஏப்ரல் 13, குருத்து ஞாயிறு

நான் முட்டாள். அதை முதலில் எழுதிக்கொள்கிறேன்.

அப்பா கோயிலிலிருந்து நேராக வந்திருந்தார், கையில் குருத்தோலை. தையலம்மாள் அத்தையை ஆட்டோவில் கூட்டிவந்து நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள், மாவுக்கட்டுக் காலை உர மூட்டை மேல் நீட்டி. எங்கள் தெருவில் இருபது பேர் நின்றார்கள். நாற்காலி இரண்டுதான். இன்னொன்றில் சுப்பராயலு.

அவர் காகிதத்தை நீட்டும்போது நான் சாக்கைக் கவிழ்த்தேன். கிங்பின், ஒடிந்த பட்டை, டியூப் சுற்றிய நுனி எல்லாம் சிமெண்ட் தரையில் உருண்டன. ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டிச் சொன்னேன். "குடியால இல்ல மொதலாளி, இதால. ஒரு நாளாவது அந்த வண்டியில உக்காந்து பாத்திருக்கீங்களா?"

எல்லாரும் தரையைக் குனிந்து பார்த்தார்கள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

சுப்பராயலு அந்த டியூப்பைக் கையில்கூட எடுக்கவில்லை. செருப்பு நுனியால் திருப்பிப் பார்த்தார். "இத யாரு சுத்தனது?"

"நான்தான் மொதலாளி" என்றார் அப்பா.

"அப்ப வண்டி சரியில்லன்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சே ஓட்டியிருக்க. உம் புள்ளயே சாமானோட கொண்டாந்து சொல்றான். குடிச்சவனாவது தெரியாம செஞ்சான்னு வுடலாம்."

என் சாட்சியால் என் அப்பாவையே கட்டிவிட்டான். கூட்டத்தில் இரண்டு பேர் தலையாட்டினார்கள். எங்கள் ஆட்கள்தான்.

"உனக்குச் சரியாப் படலன்னா வண்டிய நிறுத்த வேண்டியதுதான?" என்றார் சுப்பராயலு.

அப்போது அத்தை வாயைத் திறந்தார். "நிறுத்துனா மறுநாளு வேற ஆள வெப்பீங்க. எங்களுக்குத் தெரியாதா?" என்னைப் பார்த்து, "அந்த உருண்டைய இங்க குடு" என்றார். பந்தை வாங்கிக் கிண்ணத்தில் வைத்தார், எடுத்தார், வைத்தார். "இவ்ளோ லொட லொடன்னு இருக்குதே. ஏன் அந்தோணி, இதப் புடிச்சிக்கினா இத்தன நாளு நம்ம தெரு வழியா வந்த?"

அப்பா பேனாவைக் கேட்டார். காகிதத்தை முழுசாகப் படித்தார், உதடு அசைய. பிறகு 'மது அருந்திவிட்டு' என்ற இரண்டு வார்த்தையை அடித்தார்.

"தெரிஞ்சி ஓட்டுனேன். அதுக்குப் போடறேன். குடிச்சேன்னு போட மாட்டேன். தவக்காலம் மொதலாளி."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தான். அப்பா திரும்பவில்லை.

"அந்தக் கடைசி வரியையும் அடி" என்றார் அத்தை. "சம்பந்தம் இல்லியாமே. வண்டி யாருது?"

அப்பா சுப்பராயலுவைப் பார்த்தார். அடித்தார். மிச்சமிருந்ததுக்குக் கீழே கையெழுத்துப் போட்டார்.

"போலீஸ்தான் அப்ப" என்றார் சுப்பராயலு.

"ஒடஞ்சது என் காலு. புகாரு குடுக்கறதுன்னா நான் போயி குடுக்கணும். கூப்பிட்டுப் போறீங்களா? வண்டி யாருதுன்னும் அங்கயே சொல்றேன்."

சுப்பராயலு எழுந்துவிட்டார். "சாவிய வெச்சிட்டுப் போ."

அப்பாவின் அரைஞாணில் வண்டியின் இன்னொரு சாவி எப்போதும் இருக்கும், மாதா சுரூபத்தோடு. சுரூபத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சாவியை மட்டும் நாற்காலியில் வைத்தார்.

ஏப்ரல் 14

சித்திரை ஒன்று. புது டிரைவர், எலுமிச்சம்பழம், பூசணிக்காய். வண்டி நேராகப் போனதாம். போகும். நான் செய்த வேலை.

ஏப்ரல் 16

மற்ற மூன்று வண்டிகளையும் சுப்பராயலு வேறு கடைக்கு அனுப்பிவிட்டார். செல்லப்பன் அண்ணன் என்னை நிறுத்தவில்லை. பேசுவதும் இல்லை. ஸ்பேனரை நீட்டினால் வாங்கிக்கொள்கிறார். எங்கே போவது? வேலையை விட்டால் வூட்டில் நாலு கையும் சும்மா. விடாவிட்டால் இந்த முகம்.

அத்தைக்கு அடுத்த எக்ஸ்ரேயிலிருந்து செலவை யார் பார்ப்பது? அதை யாரும் சொல்லவில்லை. அம்மா கஞ்சி கொண்டுபோகிறார்.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

பூசை முடிந்து வந்ததும் அப்பா ஒரு குவார்ட்டர் வாங்கி வந்தார். வாசலில், உச்சி வெயிலில், தெருவைப் பார்த்து நாற்காலி போட்டார். போகிறவன் வருகிறவனையெல்லாம் கூப்பிட்டார்.

"இன்னிக்கு எழுதிக்கினு வரச் சொல்லு. இன்னிக்குப் போடறேன் கையெழுத்து!"

எதிர்வூட்டு வாசலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த தையலம்மாள் அத்தை வயிறு குலுங்கச் சிரித்தார். "மெதுவாடா அந்தோணி, நாப்பது நாளு பாக்கி."

நானும் சிரித்தேன். இந்த முறை சரியான இடத்தில்.

மே 5, திங்கள்

மூன்று வாரம் அலைந்து, கேன் தண்ணீர் போடுகிற புவனேஸ்வரி அக்காவின் சின்ன வேனில் அப்பாவுக்கு வேலை கிடைத்தது. கோடை வரைக்கும்தான். அதற்குப் பிறகு தெரியாது. முதல் நாள் என்பதால் நானும் பின்னால் கேன்களோடு உட்கார்ந்து போனேன். அக்கா முன்னால், அப்பாவுக்குப் பக்கத்து சீட்டில். டீ கிளாஸை மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

வேன் புதுசு. வில்லியனூர் தாண்டியதும் மெல்ல நடு ரோட்டுக்கு நகர்ந்தது. அப்பா திருத்தினார். மறுபடி நகர்ந்தது.

"இன்னாண்ணே, வண்டி வலது பக்கம் இழுக்குதா? கம்பெனியில வுட்டுப் பாக்கச் சொல்லட்டுமா?" என்றார் அக்கா.

"வேணாம்மா" என்றார் அப்பா. "வண்டி நேராத்தான் இருக்குது. ரெண்டு நாளு குடு, நான் நேராயிடறேன்."