விரல் பதிந்த சுங்கான்

ஓய், இன்று காலை டிராமில் என் எதிரே ஒரு வங்காளி வக்கீல் உட்கார்ந்திருந்தார். வாயில் மீர்ஷாம் கல் சுங்கான், துரைமார் புகைக்கிற குழாய். புதுசு, பால் வெள்ளை. நெருப்பு நன்றாகக் கனிந்திருக்கிற நேரம் பார்த்துக் கிண்ணத்தை வெறுங்கையால் கொத்தாகப் பிடித்துக்கொண்டிருந்தார். எனக்குக் கை பரபரத்தது. நீர் இருந்திருந்தால் முன்பின் தெரியாத மனிதர் என்றுகூடப் பார்க்காமல், "மொஷாய், தண்டைப் பிடியும், வயிற்றைப் பிடிக்காதேயும், விரல் கறை பதிந்துவிடும்" என்று சொல்லியிருப்பீர். நான் சொல்லவில்லை. புகையிலையும் சூடேறிய தேன்மெழுகும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதும் இறங்கவேண்டிய இடத்தை விட்டுச் சித்பூர் வரை போய்விட்டேன். ஆபீசுக்கு முக்கால் மணி தாமதம். பெரிய பாபுவிடம் மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்றேன். மாமியார் போய் நாலு வருஷம் ஆயிற்று என்பது அவருக்கும் தெரியும். அன்றைக்கு லீவு கொடுத்தவரே அவர்தான்.

நீர் போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. இப்போதும் ஒரு சுங்கானைப் பார்த்தால் உம்முடைய குரலில்தான் எனக்கு யோசனை ஓடுகிறது.

பீடிப் புகை பட்டால்கூட அங்கவஸ்திரத்தால் மூக்கைப் பொத்திக்கொள்கிற மனுஷன், ரஸ்ஸல் தெரு ஏலக்கூடத்தில் துரைமார்களின் சுங்கானுக்கெல்லாம் விலை சொல்லிக்கொண்டிருந்தீர். பவானிப்பூரில் நம்மவர்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். சிரிப்பை ஆரம்பித்துவைப்பவன் பெரும்பாலும் நான்தான். ஆனால் நீர் வேலை செய்வதைப் பார்த்தவனும் நான் ஒருவன்தான். மீர்ஷாம், அதாவது கடல் நுரை என்று ஜெர்மன்காரன் பேர் வைத்த அந்தத் துருக்கிக் கல்லை முதலில் உள்ளங்கையில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வீர். பொடியை அழுத்திச் செய்த போலி, கனத்திலேயே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடுமாம். பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பி நரம்பு தேடுவீர். பூமியிலிருந்து வெட்டியெடுத்த கல் என்றால் எங்கேயாவது மெல்லிசாக ஒரு நரம்பு ஓடியிருக்கும் என்பது உம்முடைய கட்சி. கடைசியில் அம்பர் பிசின் வாய்க்குழலை வேஷ்டியில் தேய்த்து, காகிதத் துணுக்கு ஒட்டுகிறதா என்று பார்ப்பீர்.

ஒரு தடவை ஒரு பட்டாளத்துக் கேப்டன், அடியிலிருந்து நுனி வரை ஒரே பழுப்பாக ஒன்றைக் கொண்டுவந்து, தன் பாட்டனார் இருபது வருஷம் புகைத்தது என்று பெருமையடித்தார். நீர் அதை மேஜைமேல் வைத்துவிட்டு, "புகை தந்த நிறம் கீழேயிருந்து மேலே ஏறும் துரை. இது எல்லாப் பக்கமும் ஒரே சமயத்தில் வந்திருக்கிறது. உங்கள் பாட்டனார் இதைத் தேநீரில் போட்டிருப்பார்" என்றீர். கேப்டன் முகம் அந்தச் சுங்கானைவிடச் சிவந்துபோயிற்று. ஆனால் அடுத்த மாதம் அவரே இன்னொன்றை எடுத்துக்கொண்டு உம்மைத் தேடி வந்தார். உமக்கு இருந்த சொத்தெல்லாம் அதுதான்: இந்த மதராஸி பொய் சொல்லமாட்டான் என்கிற பேர்.

எனக்கும் உம்மிடம் ஓர் உத்தியோகம் இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? சூடேறினால்தான் கல் தன் குணத்தைக் காட்டும். அதற்குப் புகைக்க ஒரு வாய் வேண்டும். வீட்டுக்குத் தெரியாமல் புகைக்கிற வாய் என்னிடம் இருந்தது. பிறத்தியார் எச்சில் எனக்கு ஆகாது என்று, வாய்க்குழலைக் கழற்றிவிட்டு மயிலிறகுத் தண்டு ஒன்றைத் துளையில் செருகித் தருவீர். நான் இழுப்பேன், நீர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கிண்ணத்தையே பார்ப்பீர். முடிந்ததும் நாலு தரம் வாய் கொப்பளிக்கவைத்துத்தான் அனுப்புவீர். அந்தக் கர்வத்தில் நானும் சாந்தினி கடைத்தெருவில் ஒரு மீர்ஷாம் வாங்கி வந்து உம்மிடம் நீட்டினேன். நகத்தால் ஒரு சுரண்டு சுரண்டிப் பார்த்தீர். "கல் இல்லை ஓய், சுண்ணாம்பு. வெற்றிலையோடு சேர்த்துப் போட்டுக்கொள்ளும்" என்றீர். ரோஷத்துக்காக அதையே இரண்டு வருஷம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

பவானிப்பூரில் ஒரு பெரிய டாக்டர் காலமாகி, வீட்டுச் சாமான்களைப் பங்கு பிரிக்க ஏற்பாடு. இறந்தவரின் தம்பியே வண்டி கொண்டுவந்து நம்மை அழைத்துப் போனார். வழி நெடுகப் பேசிக்கொண்டு வந்தது யார் என்று நான் சொல்லவேண்டியதில்லை. கொலூட்டோலாவில் ஒரு கிழ மிஸ்திரி இருப்பதையும், சுங்கானில் எப்பேர்ப்பட்ட விரல் கறை இருந்தாலும் சூட்டிலும் மெழுகிலும் இழுத்தெடுத்துப் புதுசாக்கிவிடுவார் என்பதையும் அவரிடம் கொட்டித் தீர்த்தேன். நீர் ஒரு தரம் என் காலை மிதித்தீர். வண்டி குலுங்குகிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் அவர்களுக்குள் ஏற்பாடு எளிது. விலை போகிற சாமான் ஏலத்துக்கு. விலை போகாதது டாக்டரின் விதவை அம்மாளுக்கு. கடிகாரம் போயிற்று, அலமாரி போயிற்று, வெள்ளிப் பன்னீர்ச்செம்பு போயிற்று. அந்த அம்மாள் கதவோரம் நின்றுகொண்டு ஒன்றுக்கும் வாய் திறக்கவில்லை. கடைசியில் தோல் பெட்டியைத் திறந்து அந்தச் சுங்கானை எடுத்தார்கள்.

வியன்னா வேலை. குதிரைத் தலை, பிடரி மயிர் இழை இழையாக. தேன் நிறத்தில் அம்பர். நீர் மூச்சை உள்ளே இழுத்தது எனக்குக் கேட்டது. கிண்ணத்தின் ஒரு பக்கத்தில் மூன்று விரல், எதிர்ப்பக்கத்தில் கட்டைவிரல், கறுப்பாகப் பதிந்திருந்தன. டாக்டர் கிண்ணம் சூடாக இருக்கும்போதே கையால் பிடித்துப் புகைத்திருக்கிறார், வருஷக்கணக்காக.

"பௌதி, இதை முன்னமே வெளியே எடுத்திருக்கலாமே" என்றார் தம்பி, அண்ணியைப் பார்த்து.

அந்த அம்மாள் உம்மைப் பார்த்து, "கறை இருக்கிறதே பாபா, இதற்கு என்ன விலை வரப்போகிறது? நான் எத்தனையோ தரம் சொன்னேன், கையை எடுங்கள், பாழாகிறது என்று. கேட்கவே மாட்டார்" என்றார். சொல்லிக்கொண்டே தன் மூன்று விரலையும் அந்தக் கறைகளின்மேல் வைத்தார். அவை சின்ன விரல்கள். கறை சுற்றிலும் தெரிந்தது.

நீர் வாங்கிப் பார்த்தீர். உள்ளங்கையில் வைத்துக் கண்ணை மூடினீர். வழக்கத்தைவிட அதிக நேரம் மூடியிருந்தீர். என்னைப் புகைக்கச் சொல்லவே இல்லை. பிறகு, "நல்ல கல்தான். ஆனால் கறை அடிவரை இறங்கிவிட்டது. போகாது. இதை எவரும் ஏலத்தில் கேட்கமாட்டார்கள்" என்றீர்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதைவிடப் பெரிய கறையெல்லாம் அந்த மிஸ்திரி கையில் போனதை நாம் இரண்டு பேரும் பார்த்திருக்கிறோம். தம்பி சும்மா இருப்பாரா?

"என்ன மொஷாய், இவர் வண்டியில் வேறு மாதிரி அல்லவா சொன்னார்? கொலூட்டோலாவில் யாரோ இருக்கிறாராமே?"

மூன்று பேரும் என்னைப் பார்த்தீர்கள். என் வாயால் எத்தனையோ பேர் மாட்டியிருக்கிறார்கள். அன்றைக்கு அந்த அம்மாள் மாட்டிக்கொண்டு நிற்கிறார். சட்டைப்பையில் கை போயிற்று. என் சாந்தினி மீர்ஷாமை எடுத்துத் தம்பியின் கையில் வைத்தேன். அது அதற்குள் வெந்து, வெடித்து, வெற்றிலைக் காவி ஏறி, பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

"அந்த மிஸ்திரியிடம் கொடுத்துத்தான் இது இப்படி ஆயிற்று பாபு. போகும்போது இதுவும் குதிரைத் தலைதான்."

அவர் அதை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "குதிரையா?" என்றார்.

"காது இங்கே இருந்தது" என்று காட்டினேன்.

உடனே திருப்பிக் கொடுத்துவிட்டுக் கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டார். "சரி பௌதி, அதை நீயே வைத்துக்கொள்." அந்த அம்மாள் பெட்டியை மூடாமல், சுங்கானை மட்டும் முந்தானையில் சுற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டார். நமக்கு நமஸ்காரம்கூடச் சொல்லவில்லை.

திரும்பி நடக்கும்போது நான் துள்ளிக்கொண்டு வந்தேன். டிராம் வந்து நின்றபோது நீர் சொன்னீர்: "நாளையிலிருந்து நான் சுங்கான் பார்க்கப்போவதில்லை ஓய்."

"ஏனாம்? நல்ல காரியம்தானே செய்தீர்?"

"நல்ல காரியம்தான். விலை சொல்கிறவன் செய்கிற காரியம் இல்லை."

சொன்னபடியே துரையிடம் கேட்டு மரச்சாமான் பக்கம் மாற்றிக்கொண்டீர். கேப்டன்கள் தேடி வந்த மனுஷன், முகம் கழுவும் மேஜைக்குக் கால் நாலும் சரியாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தீர். நம் ஜனங்கள் விடுவார்களா? கண் போய்விட்டது, போலியை அசல் என்று சொல்லி மாட்டிக்கொண்டார், துரை கீழே தள்ளிவிட்டார் என்று பஜனைக்குப் பஜனை பேச்சு. ஒரு வாக்கியத்தில் நான் எல்லார் வாயையும் அடைத்திருக்கலாம். ஆனால் அந்தத் தம்பியோ எங்கள் பெரிய பாபுவோடு வாரா வாரம் சதுரங்கம் ஆடுகிறவர். நான் பவானிப்பூரில் தும்மினால் மறுநாள் அந்தத் தம்பி காதுக்குப் போய்விடும்; சுங்கானும் அந்த அம்மாள் கையை விட்டுப் போய்விடும். பொறுக்கமாட்டாமல் உம்மிடமே வந்து முறையிட்டேன். "என் கண்ணைப் பற்றித்தானே பேசுகிறார்கள்? பேசட்டும். அந்த வீட்டுச் சங்கதியை எடுத்தீரோ, அப்புறம் நம் சிநேகிதம் இல்லை" என்றீர். நானும் மற்றவர்களோடு சேர்ந்து, "ஆமாம், பாவம், கண்தான்" என்று சொல்லப் பழகிக்கொண்டேன். அதைச் சொன்ன ஒவ்வொரு தரமும் உம் முகத்தைப் பார்க்காமலிருக்கக் கற்றுக்கொண்டேன்.

உமது பதின்மூன்றாம் நாளில் இலை போட்டிருந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்தவர் உம்மைப் புகழ்ந்துவிட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்தி, "நீர் அவரோடு ரொம்ப நெருக்கமாயிற்றே, உண்மையில் என்னதான் ஆயிற்று அவர் கண்ணுக்கு?" என்று கேட்டார். எதிரிலை, பக்கத்திலை எல்லாம் சாப்பிடுவதை நிறுத்திவிட்டன. உமக்கு இனி என்ன நஷ்டம் என்று தோன்றிவிட்டது. வாயைத் திறந்தேன். நன்றாகவே திறந்துவிட்டேன் ஓய். அப்போது பரிமாறுகிறவர் வந்தார். இன்னொரு கரண்டி பாயசம் விடச் சொன்னேன்.

அந்த அம்மாள் சௌக்கியமாக இருப்பதாகப் பெரிய பாபு சொன்னார். அந்த அம்மாள் இருக்கும்வரை, உமக்கு எழுதிய இந்தக் காகிதம் என் பெட்டியின் அடியிலும், சங்கதி என் வயிற்றில் அந்தப் பாயசத்துக்குக் கீழேயும் இருக்கும்.