நிக்கோலாய் பெயரில் நான் எழுதியது

பாய்,

ரஷ்ய முத்திரை குத்திய உறை ஒன்று என் கையில் இருக்கிறது. உங்கள் பெயருக்கு வந்தது. நீங்கள் போய் இன்று நாற்பதாம் நாள். கீழே உங்கள் வீட்டில் உங்கள் மனைவி ஆயிஷாம்மா ஃபாத்திஹாவுக்கு நெய்ச்சோறு கிளறிக்கொண்டிருந்ததால், தபால்காரர் மாடிப்படியில் நின்ற என்னிடம் நீட்டினார். அங்கிருந்து உங்களுக்கு வந்த கடைசிக் கடிதத்தை எழுதியதே நான்தானே!

திருச்சி செம்பட்டுத் தொழிற்சாலையில் தோல் பதனிட்டு, ஷூவின் மேல்பாகம் தைத்து மாஸ்கோவுக்கு அனுப்பிய கதையை எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள்! அங்கே தனியார் கம்பெனி கிடையாது. அரசாங்க ஆபீஸ் ஒன்றுதான் வாங்கும். அதன் அதிகாரி நிக்கோலாய் வருடா வருடம் திருச்சிக்கு வந்து, உங்கள் வீட்டில் பிரியாணி சாப்பிட்டு, மாதிரி ஜோடியைப் பிரித்து ஒற்றையை உங்களிடம் விட்டு, இன்னொன்றை எடுத்துப் போவார். சரக்கு அதற்கு ஒத்துப்போக வேண்டும். பிறகு அந்த நாடு தனியார் பக்கம் மாறியது, ஆபீஸைப் பூட்டினார்கள். உங்கள் கடைசிச் சரக்கு சென்னைத் துறைமுகத்திலேயே கிடந்தது. தந்திக்கும் பதில் இல்லை.

"மேல்பாகம் அனுப்பினீங்க, அடி கொடுத்துட்டாங்களே பாய்!" என்று ஒருமுறை வாலுத்தனமாகச் சொன்னேன்.

வயிறு குலுங்கச் சிரித்தீர்கள். பிறகு, "ஊரே அவனை ஏமாத்துக்காரன்னுச்சு. நிக்கோலாய் அப்படிப்பட்ட ஆளு இல்ல, வாலு. ஏன் பதில் போடலைன்னுதான் தெரியல" என்றீர்கள்.

எனக்கு அதுவும் விளையாட்டாகப் போயிற்று. ஏப்ரல் ஒன்றாம் தேதி, பழைய பில்லில் இருந்த அவர் கையெழுத்தைப் பார்த்து வரைந்து, 'சரக்கு இன்னும் இருக்கிறதா? வருகிறேன். நிக்கோலாய்' என்று ஆங்கிலத்தில் எழுதி, உங்கள் பழைய ரஷ்ய உறை ஒன்றில் போட்டுக் கதவுக்கடியில் தள்ளினேன். அரை மணி கழித்து 'ஏப்ரல் ஃபூல்' என்று கத்த வந்தால், இஸ்திரி போட்ட சட்டையில் நிற்கிறீர்கள்.

"வாலு, ஆட்டோ கூப்பிடு. பெரிய போஸ்டாபீஸ் போகணும். அவன் வீட்டு விலாசம் டைரியில இருக்கு."

"நாளைக்குப் போலாமே பாய்..."

"முப்பது வருஷம் கழிச்சுக் கேட்டிருக்கான். நாளைக்காம்!"

உங்கள் முகத்தைப் பார்த்ததும் உண்மையைச் சொல்லாமல் ஆட்டோவைக் கூப்பிட்டேன். கூடவே வந்து, நீங்கள் எழுதிய பதிலின் உறைக்குப் பசை தடவினேன். அதன்பிறகு தபால்காரர் வண்டிச் சத்தம் கேட்டாலே வாசலுக்கு வந்துவிடுவீர்கள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்றும், "லெட்டர் வந்தா வாங்கி வை" என்றீர்கள்.

வாங்கிவிட்டேன். பிரித்தும்விட்டேன்.

எழுதியிருப்பவர் நிக்கோலாயின் மகள். அப்பா இறந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறதாம். ஆபீஸ் மூடியதும், முளைத்த புதுக் கம்பெனி ஒவ்வொன்றிலும் உங்கள் சரக்குக்காக ஏறி இறங்கினாராம். யாரும் வாங்கவில்லை. சம்பளமும் நின்று, வீட்டுப் பாத்திரத்தைத் தெருவோரம் விரித்து விற்றாராம், அந்த அதிகாரி! உங்களுக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் தாளை எடுப்பாராம், மடித்துவிடுவாராம். உங்கள் ஒற்றை இன்னும் அவர்கள் அலமாரியில் இருக்கிறதாம்.

கடைசி வரி: 'அப்பா பெயரில் உங்களுக்கு எழுதியது யார்?'

நீங்கள் சொன்னது சரி, பாய். அவர் ஏமாற்றுக்காரர் இல்லை. இது நாற்பது நாள் முந்தி வந்திருக்கக் கூடாதா!

கீழே போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஆயிஷாம்மா கையில் கரண்டி நின்றது.

"அவரு இருந்தா சிரிச்சிருப்பாரு. எனக்குச் சிரிப்பு வரலம்மா." அடுப்பைத் தணித்துவிட்டு, "அந்தப் பொண்ணு கேட்டிருக்கில்ல? எழுதிப் போடு" என்றார்.

எழுத உட்கார்ந்திருக்கிறேன். கீழே என் பெயரைத்தான் போடுவேன். பதிலுக்குக் காத்திருப்பவர் எப்படி இருப்பார் என்று உங்கள் வாசலில் பார்த்தவள் நான். நிக்கோலாயின் மகளைக் காக்க வைக்கமாட்டேன், பாய்.